வீட்டில் வளர்ந்த 6 ரீசஸ் குரங்குகள் காப்பகத்துக்கு வருகின்றன: முன்கூட்டியே எவையெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

மரக்கிளை:

எல்லோருக்கும் வணக்கம். 22 ரீசஸ் மகாக் குரங்குகள் உள்ள ஒரு காப்பகத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறேன். வீடுகளிலிருந்து மீட்கப்பட்ட 6 ரீசஸ் இன்னும் 5 வாரத்தில் வரப்போகின்றன. வளர்ந்த ஆண் 2, பெண் 3, ஒரு வயதுகூட ஆகாத குட்டி 1. இரண்டுக்குக் கழுத்தில் பட்டை இறுகிக் கிடக்கிறது. ஓர் ஆணுக்குக் கோரைப்பற்களை வெட்டியிருக்கிறார்கள். எல்லாமே பழம், பிஸ்கட், சோறு என்று தின்று பழகியவை.

எங்களிடம் ஒரு பெரிய திறந்தவெளி அடைப்பும் அதோடு ஒட்டிய 4 இரவுக் கூண்டுகளும் இருக்கின்றன. தள்ளி ஒரு காலிக் கொட்டகை உண்டு, அதைத் தனிமைக் கூடமாக மாற்றலாம் என்று நினைக்கிறோம். எத்தனை நாள் தனிமையில் வைப்பது, கொட்டகையில் என்ன மாற்றுவது, தீனியை எப்படி மாற்றுவது, பழைய கூட்டத்தோடு எப்போது சேர்ப்பது, இந்த நான்கும்தான் என் கேள்விகள். இன்னொன்று: "இடம்தான் இருக்கிறதே, கூடவே இன்னும் 10 எடுத்துக்கொள்ளலாம்" என்று நிர்வாகக் குழுவில் பேச்சு. அதற்கு என்ன பதில் சொல்வது?

கால்நடைவாசி:

மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

தனிமைக் காலத்தை நாள் கணக்காகப் பார்க்காமல் காசநோய்ப் பரிசோதனைக் கணக்காகப் பாருங்கள். இரண்டு வார இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை நெகட்டிவ் வர வேண்டும். அதனால்தான் பல இடங்களில் குறைந்தபட்சம் 31 நாள் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டு மனிதர்களோடு நெருங்கி வாழ்ந்த குரங்குக்கு 90 நாள் வைப்பதே நல்லது, ஏனென்றால் புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆறில் ஒன்றுக்குப் பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்று வந்தால் அதை உடனே பிரித்து வையுங்கள். மற்ற ஐந்துக்கும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

பரிசோதனை என்பது மேல் இமையின் தோலுக்குள் 0.1 மி.லி. டியூபர்குலின் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சோதனை மருந்து) போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் பார்ப்பது. லேசான சிவப்பு அல்லது ஊசி பட்ட கன்றல் மட்டும் இருந்தால் பயமில்லை. இமை வீங்கித் தொங்கி, கண் பாதி மூடியிருந்தால் பாசிட்டிவ். அடுத்த முறை மற்ற இமையில் போடுங்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மனிதருக்குப் போடும் பிபிடி (சுத்திகரித்த டியூபர்குலின்) மருந்தையே குரங்குக்கும் போட்டுவிடுவது. அதன் வீரியம் பல மடங்கு குறைவு, நோய் இருந்தாலும் இமை வீங்காது. பாலூட்டிகளுக்கான பழைய டியூபர்குலின் என்று கேட்டு வாங்குங்கள். அண்மையில் தட்டம்மை வந்த குரங்கிலும் பொய்யாக நெகட்டிவ் வரும். உங்கள் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கொரு முறை காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மைத் தடுப்பூசி இரண்டும் கட்டாயம். குரங்குக்கு இந்த இரண்டு நோயும் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகின்றன.

அடுத்தது பி வைரஸ். மகாக் இனத்தில் இது சர்வ சாதாரணம், குரங்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மனிதருக்குத் தொற்றி, சிகிச்சையும் இல்லாமல் போனால், 10 பேரில் சுமார் 7 பேர் இறக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்பதை நம்பிக் கையுறையைக் கழற்றாதீர்கள். வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து, இடமாற்றம், சண்டை, நோய் என்று உடலுக்குச் சுமை ஏறும்போது எச்சிலில் வெளிவரும். புதிதாக வந்த முதல் வாரம் அப்படிப்பட்ட நேரம்தான். 1997-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு மையத்தில் கண்ணில் தெறித்த துளியால் ஒரு பணியாளர் இறந்த பிறகுதான் கண் பாதுகாப்பு பெரிதாக வலியுறுத்தப்பட்டது. கடியே பட வேண்டும் என்பதில்லை.

ஆகவே கொட்டகை வாசலிலேயே ஒரு முதலுதவிப் பெட்டி, ஓடும் தண்ணீர்க் குழாய், கண் கழுவும் வசதி, சுவரில் கடிகாரம் இருக்கட்டும். கடி, கீறல், தெறிப்பு எதுவானாலும் 15 நிமிடம் சோப்பும் தண்ணீருமாகக் கழுவ வேண்டும். கண் என்றால் வெறும் தண்ணீர், அதே 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் 2 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கழுவும் முன் காயத்திலிருந்து மாதிரி எடுக்கக் கூடாது, வைரஸை உள்ளே தள்ளியதாகிவிடும். பிறகு தாமதமின்றி மருத்துவரிடம். "மகாக் கடி, பி வைரஸ் சந்தேகம், உடனே வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா என்று பாருங்கள்" என்று அச்சடித்த அட்டை ஒன்றை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். இதைக் கேள்விப்படாத மருத்துவர்கள் ஏராளம்.

முதல் மயக்க மருந்தை வீணாக்காதீர்கள். ஒரே மயக்கத்தில் எடை, மைக்ரோசிப், இமை ஊசி, ரத்தம், பல் எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை அகற்றல் எல்லாம் முடிய வேண்டும். பட்டை தோலுக்குள் புதைந்திருந்தால் வந்த அன்றோ மறுநாளோ செய்துவிடுங்கள், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். வெட்டிய கோரைப்பல்லின் நடுவில் கருப்புப் புள்ளியோ சிவப்புத் துளையோ தெரிந்தால் பல்லின் உட்கூழ் திறந்து கிடக்கிறது என்று பொருள். மேல் கோரைப்பல்லின் வேர் கண் வரைக்கும் போகும், அதனால் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி, சில நேரம் தோலைத் துளைத்துக்கொண்டு வடியும். மேலுக்கு மருந்து தடவி ஆகாது. வேர் சிகிச்சை, இல்லையேல் பிடுங்குவது.

சாவிக்கொத்து:

கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இரட்டைக் கதவு. உள்கதவு மூடியிருந்தால் மட்டுமே வெளிக்கதவைத் திறப்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஆளும் தள்ளுவண்டியும் நின்றுகொண்டு பின்கதவைச் சாத்த முடிய வேண்டும். அந்த இடம் சின்னதாக இருந்தால் வண்டி மாட்டும், ஆள் இரண்டு கதவையும் ஒன்றாகத் திறப்பார், குரங்கு வெளியே போகும். தப்பிப்பதில் பெரும்பாலானவை இப்படித்தான், வலையை அறுத்துக்கொண்டு போவது அபூர்வம்.

வலையை மாட்டும் போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே. இதை மாற்றிப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மகாக் விரல் ஒரு நட்டை ஒரு மாதம் திருகிக்கொண்டே இருக்கும். நாகம் பூசிய வலையில் பூச்சு உரிந்து வெள்ளைத் தூள் தெரிந்தால் மாற்றுங்கள். குட்டிகள் அதை நக்கி நாகம் உடலில் ஏறிச் செம்புக் குறைபாடு வந்து, முடி வெளுத்துச் சோகை பிடித்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

உட்காரும் பலகைகள் நம் கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஆறும் ஒரே நேரத்தில் உயரத்தில் உட்கார இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பலகைக்கு நேர் கீழே தண்ணீரோ தீனியோ வைக்காதீர்கள். அழுத்திக் குடிக்கும் குழாய்முனை வீட்டுக் குரங்குக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் அதில் குடிப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை பக்கத்தில் கிண்ணமும் இருக்கட்டும். தினமும் காலையில் ஒவ்வொரு முனையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே தொட்டி நிறைந்திருக்கும், கீழே முனை அடைத்திருக்கும், மதியத்துக்குள் குரங்கு சுருண்டுவிடும்.

கழுவும்போது பிரஷர் பம்ப் வைத்து அடிக்காதீர்கள், தனிமைக் கூடத்தில் கண்டிப்பாகக் கூடாது. மலத்தில் இருக்கும் ஷிகெல்லா, சால்மொனெல்லா போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் நுண்துளியாகக் காற்றில் எழும்பி ஆளின் மூக்குக்கும் பக்கத்துக் கூண்டுக்கும் போகும். வரிசை இதுதான்: குரங்கை அடுத்த கூண்டுக்கு மாற்று, கதவைப் பூட்டு, எண்ணு. மலத்தையும் மிச்சத் தீனியையும் கையால் வாரு. சோப்புத் தண்ணீரில் தேய், அலசு. அதன் பிறகுதான் கிருமிநாசினி, 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். மறுபடி அலசி, ரப்பர் வாரியால் தண்ணீரை இழுத்துக் காயவிடு. அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். சிறுநீர் தேங்கிய தரையில் ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் வாயு வரும். கழுவுகிறவருக்கு இருமலும் கண் எரிச்சலும் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். ப்ளீச் கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்குங்கள்.

தனிமைக் கூடத்துக்குத் தனி ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாளின் கடைசி வேலையாக அங்கே போகட்டும், பிறகு பழைய கூட்டத்தின் பக்கம் திரும்பக் கூடாது. துடைப்பம், வாளி, பூட்ஸ் எல்லாம் தனி நிறத்தில். மருந்துத் தொட்டியில் கால் முக்குவதற்கு முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷ் வையுங்கள், சேறு படிந்த பூட்ஸை முக்கிப் பயனில்லை. சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தனிமைக் கூடத்தின் கழிவுநீர் பழைய அடைப்பு வழியாக ஓடினால் மற்றதெல்லாம் வீண்.

பசுந்தழை:

தீனியை வந்த அன்றே மாற்றாதீர்கள். முதல் மூன்று நாள் அவை தின்று பழகியதையே கொடுத்து, அது தின்கிறதா, குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தீனி மாற்றத்தால் வந்த வயிற்றுப்போக்கா, ஷிகெல்லாவா என்று பிரித்தறிய முடியாமல் போவதைவிட இது மேல். பிறகு 2 முதல் 3 வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். குரங்குகளுக்கான பெல்லட் (சத்து சேர்த்து அழுத்திய உலர்கட்டி) தீனிதான் அடிப்படை, ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 4 விழுக்காடு. 8 கிலோ குரங்குக்கு 160 முதல் 320 கிராம். அதற்கு மேல் கீரை, தழை, நார் நிறைந்த காய்கள். காலையில் பசியோடு இருக்கும்போது பெல்லட்டை முதலில் கொடுங்கள், பழத்தை முதலில் கொடுத்தால் பெல்லட் தரையில்தான் கிடக்கும்.

பழம் குரங்கின் இயற்கை உணவுதானே என்று கேட்பார்கள். நாம் தோட்டத்தில் விளைவிப்பது நமக்காகச் சர்க்கரை கூட்டி நார் குறைத்து வளர்த்த பழம். காட்டுப் பழம் அப்படி இருக்காது. இதனால்தான் இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக்காட்சியகம் குரங்குகளுக்கு வாழைப்பழம் தருவதையே விட்டது, 2014-இல் அது செய்தியாக வந்தது. உங்கள் 6 குரங்குகளுக்கும் சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பழத்தை ஒதுக்கி வைத்துப் பயிற்சிக்கும் மருந்து மறைத்துக் கொடுக்கவும் மட்டும் பயன்படுத்தினால், அந்தச் சின்னத் துண்டுக்கு மதிப்பு கூடும். தராசில் ஏறி உட்கார, கையை நீட்ட, அடுத்த கூண்டுக்குப் போக எல்லாவற்றுக்கும் அது உதவும்.

பெல்லட் மூட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். குரங்குகளால் நம்மைப் போலவே உடலுக்குள் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. நிலைப்படுத்திய வைட்டமின் சி சேர்த்த பெல்லட் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் சுமார் 180 நாள் தாங்கும், சாதாரணமானது 90 நாள்தான். தகரக் கூரைச் சூட்டில் அதற்கும் முன்னே போய்விடும். ஈறில் ரத்தம், ஏறாமல் ஒரே இடத்தில் முடங்குவது, தொட்டால் வலியில் கத்துவது, இதெல்லாம் தெரிந்தால் முதலில் மூட்டையின் தேதியைப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை என்றால் வெயில் குறைவால் எலும்பும் மெலிந்திருக்கும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பலன் இல்லை, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தனிமைக் கூடத்திலும் நேரடி வெயில் விழும் ஒரு மூலை வேண்டும்.

ஒரே குவியலாக வைக்காதீர்கள். தரையில் 10 செ.மீ. அளவுக்கு மரச்சீவல் பரப்பித் தானியத்தை உள்ளே தூவுங்கள், தேடித் தின்பதிலேயே மணிக்கணக்கில் போகும், சண்டையும் குறையும். தனிமைக் கூடத்தில் மட்டும் மலம் பார்க்க வேண்டியிருப்பதால் வெறும் தரையே இருக்கட்டும், அங்கே தட்டிலோ துளையிட்ட குழாயிலோ தூவுங்கள்.

மரக்கிளை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். 90 நாள் தனித்தனிக் கூண்டில் வைத்தால் மனநிலை கெட்டுவிடாதா? ஓர் ஆண் இப்போதே தன் முன்கையைத் தானே கடித்துக்கொள்கிறது என்கிறார்கள். குட்டி புட்டிப்பாலில் வளர்ந்தது, ஆள் வந்தால் வலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறதாம். நாங்கள் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

கால்நடைவாசி:

தனிமை என்பது பழைய கூட்டத்திலிருந்துதான், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டிலிருந்து வருபவற்றை முதல் நாளிலிருந்தே ஒன்றாக வையுங்கள். வேறு வேறு வீடு என்றால் முதல் பரிசோதனை நெகட்டிவ் வந்ததும் வலைக்கு இரு புறமும் வைத்து, ஒத்துப்போகும் சோடிகளைச் சேர்க்கலாம். அதில் ஒன்று பாசிட்டிவ் ஆனால் சோடியின் மற்றதும் நோய்த் தொடர்பில் இருந்ததாகக் கணக்கு, அந்தச் செலவை ஏற்றுக்கொண்டுதான் செய்கிறோம்.

கையைக் கடிக்கும் ஆண் தனியாகவே வளர்ந்ததாக இருக்கும். எப்போது கடிக்கிறது என்று ஒரு வாரம் குறியுங்கள்: தீனிக்கு முன்பா, அந்நியர் வரும்போதா, பார்வையாளர் முறைத்துப் பார்க்கும்போதா. நேராகக் கண்ணைப் பார்ப்பது ரீசஸுக்கு மிரட்டல். தீனி நேரத்தை நிமிடம் தவறாமல் வைப்பதைவிட, சிறு சிறு பங்காக நாளில் 5, 6 முறை தூவினால் அந்தப் பதற்றம் இறங்கும். பல் பட்ட இடம் ஆழமாகிறதென்றால் காத்திருக்க வேண்டாம், மருந்து உண்டு.

குட்டியைத் தூக்காதீர்கள், இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மடியில் கழியும் ஒவ்வொரு மாதமும் குரங்கு மொழி கற்கும் மாதத்திலிருந்து கழிகிறது. 3 பெண்களில் சாந்தமான ஒன்றின் பக்கத்துக் கூண்டில் குட்டியை வையுங்கள். குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு நடுவே இருக்கட்டும். பெண் உதட்டைச் சப்புக்கொட்டி, முதுகைக் காட்டி, குட்டியின் முடியைப் பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அதுவரை கட்டிப்பிடிக்க ஒரு துணி உருளை, புட்டியை வலையில் மாட்டிக் கொடுங்கள்.

சாவிக்கொத்து:

கூட்டத்தோடு சேர்ப்பதற்கு என் பதில்: சேர்க்கவே வேண்டாம். ரீசஸ் கூட்டத்தின் முதுகெலும்பு தாய்வழிப் பெண்கள். ஆண்கள் கூட்டம் மாறுவது இயல்பு, பெண்கள் பிறந்த இடத்திலேயே இருப்பார்கள். உங்கள் 22-க்குள் அந்நியப் பெண் 3 நுழைந்தால் ஒரு குடும்பமே சேர்ந்து அடிக்கும், சாவு வரைக்கும் போகும். இந்த ஆறையும் தனிக் கூட்டமாக்குங்கள். தனிமைக் காலம் முடிவதற்குள் அவற்றுக்கென்று ஓர் அடைப்பு தயாராக வேண்டும், உங்கள் 5 வாரத் திட்டத்தில் அதுதான் விடுபட்டிருக்கிறது.

ஆறுக்குள்ளேயே சேர்க்கும்போதும் காலையில், எல்லா ஆட்களும் இருக்கும் நாளில் செய்யுங்கள். ஒவ்வொரு கூண்டுக்கும் இரண்டு திறப்பு, சுற்றிச் சுற்றி ஓட வழி, பார்வையை மறைக்கும் பலகைகள். முட்டுச்சந்தில் மாட்டியது கடி வாங்கும். ரீசஸில் சத்தமின்றிப் பல்லைக் காட்டுவது பணிவு, அதைக் கண்டு சண்டை என்று பிரித்துவிடாதீர்கள். வாயைத் திறந்து முறைப்பதும், தாழ்ந்த ஒன்று ஒடுங்கி உட்கார்ந்தும் விரட்டல் நிற்காததும்தான் பிரிக்க வேண்டிய அடையாளம். கடி பட்டால் தோலில் ஒரு சின்னத் துளைதான் தெரியும், அடியில் தசை நசுங்கியிருக்கும். அடுத்த 2 நாள் சிறுநீர் பழுப்பு நிறமாகப் போகிறதா என்று கவனியுங்கள், போனால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது.

ஆண்களுக்கு வாசெக்டமி (விந்துக் குழாயை வெட்டும் கருத்தடை) செய்யுங்கள். விதை நீக்கினால் ஆண் தன் இடத்தை இழந்து கூட்டத்தின் ஒழுங்கு கெடலாம். அறுவைக்குப் பிறகும் சில வாரம் விந்தணு மிஞ்சியிருக்கும், அதனால் தனிமைக் காலத்திலேயே முடித்து, பெண்களோடு விடும் முன் விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். காப்பகங்களுக்குச் சான்று தரும் ஜிஎஃப்ஏஎஸ் (விலங்குக் காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகள் இனப்பெருக்கம், விற்பனை, பார்வையாளர் தொட்டுப் பழகுவது மூன்றையும் ஏற்பதில்லை. அந்தச் சான்று வாங்காவிட்டாலும் அவர்களின் தரவிதிகளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். குரங்கை மடியில் வைத்த படத்தை நன்கொடைக்காக வெளியிடுவதும் வேண்டாம். ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் குரங்கின நிபுணர் குழு 2021-இல் படங்களுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது, அப்படிப்பட்ட படம்தான் அடுத்த ஆளைக் குட்டி வாங்கத் தூண்டுகிறது.

இனி அந்த 10. நிர்வாகக் குழுவிடம் சதுர அடியைப் பற்றிப் பேசாதீர்கள், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இன்று ஒரு குரங்குக்கு நோய் வந்தால் பிரித்து வைக்க எந்தக் கூண்டு காலி? கழுவும்போது கூட்டத்தை மாற்ற எந்தக் கூண்டு? ஒரு பராமரிப்பாளர் விடுப்பில் போனால் பூட்டு வேலைக்கு இரண்டாவது ஆள் உண்டா? வருமானம் நின்றால் எத்தனை மாதத்துக்குத் தீனியும் சம்பளமும் கையில் இருக்கிறது? அடைப்பில் வாழும் மகாக் 25 முதல் 30 ஆண்டு இருக்கும். இன்று வரும் குட்டியைக் கடைசிவரை பார்க்கப்போவது இப்போதைய குழுவாக இருக்காது. உங்கள் 4 இரவுக் கூண்டில் ஒன்று எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தால் 22-க்கே மூன்றுதான் மிஞ்சுகிறது, இந்த ஆறுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். பத்தை எழுத்திலேயே மறுத்துவிட்டு, வேறு காப்பகங்களின் தொடர்பைக் கொடுங்கள்.

கொட்டகையின் வரைபடத்தை இங்கே போட்டால் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சாக்கடை எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கான்கிரீட் போடும் முன் போடுங்கள்.